முழு டிக்கெட்

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பஸ்ஸில் எப்போதும் அரை டிக்கெட்தான். ஏழாவது படிக்கிற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சாத்தூரில் பஸ் ஏறினாலும் கண்டக்டர் ஒரு தரம் ஏற இறங்கப் பார்ப்பார், அரை டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார். முன்படிக்கட்டை ஒட்டிய கம்பியில் ஒரு கோடு போட்டு 130 என்று எழுதியிருப்பார்கள். தலை அந்தக் கோட்டைத் தாண்டினால் முழு டிக்கெட். எங்கள் பிள்ளைகளின் தலை தாண்டாது.

இதை நாங்கள் குறையாக நினைத்ததில்லை. சந்தோஷமாகவே சொல்லிக்கொள்வோம். ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி போகும்போது பஸ்ஸிலேயே கேலி நடக்கும். "நம்ம வகையறாவே கட்டை. கட்டையாப் பொறந்ததுக்கு மாரியாத்தா குடுத்த சலுகைடி இது" என்பாள் சண்முகத்தாய் மதினி. நானும் அரை டிக்கெட்டில் வளர்ந்தவள்தான். என் வீட்டுக்காரர் புகழேந்தியும் அப்படித்தான். கல்யாணத்துக்கு ஆறு மாதம் முன்னால்கூட ஒரு கண்டக்டர் அவரை, "தம்பி, கூட யாரு வந்திருக்கா?" என்று கேட்டாராம்.

நான் உண்டாகியிருந்தபோது சாத்தூர் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். அவர் அந்தக் கம்பிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கோட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துக் குனிந்தார்.

"ஏபுள்ள, நம்ம புள்ளைக்கு முழு டிக்கெட் எடுக்கணும்."

"துட்டு என்ன கொழுத்தா கெடக்கு?"

"ஒரு தடவ. ஒரே ஒரு தடவ. இந்தப் புள்ளைக்கு அரை டிக்கெட் செல்லாதுன்னு கண்டக்டர் வாயால சொல்லணும். அத நான் காதால கேக்கணும்."

"நம்ம வகையறாவுலயா? பொறக்கப் போறது உங்க புள்ளதானே?"

பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். அவர் சிரிப்பு மட்டும் கட்டை கிடையாது.

அச்சங்குளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனியில் நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். அவர் மருந்து அறையில். நான் பேக்கிங்கில். கம்பெனி வேன்தான் எங்களைக் கூட்டிப்போகும், கொண்டுவந்து விடும். அந்த வேனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

முன்பெல்லாம் வேன் முதலில் மேலக்குளம் போகும். அப்புறம் பெரியபொட்டல். கடைசியாகத்தான் எங்கள் ஊர். எங்கள் பெண்கள் ஏறும்போது சீட்டு ஒன்றும் மிச்சம் இருக்காது. தூக்குவாளிகளுக்கும் செருப்புகளுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்து போவோம். மேலக்குளத்தார் காடு கரை உள்ளவர்கள். எங்கள் அம்மாமார் அவர்கள் காட்டில் களை எடுத்தவர்கள். மழை பொய்த்து, கிணறு வற்றி, அவர்கள் வீட்டுப் பெண்களும் கம்பெனிக்கு வர ஆரம்பித்தபோது வேலை ஒன்றாகிவிட்டது, சீட்டு மட்டும் ஒன்றாகவில்லை. "கீழ உக்காந்து பழகுனவுகதானே" என்று ஒருநாள் யாரோ சொன்னது காதில் விழுந்தது. அதைக் கேட்டுவிட்டு வந்து நான் வீட்டில் சொன்னேன்.

அந்தத் தீபாவளி சீசனில், ஆர்டர் மலைபோல் குவிந்து கிடந்த நேரத்தில், எங்கள் தெருவில் ஒருத்தரும் வேலைக்குப் போகவில்லை. முன்னால் நின்று பேசியவர் என் வீட்டுக்காரர்தான். "எங்க ஊருக்கு வேன் மொதல்ல வரணும். எங்க பொம்பளைக சீட்டுல உக்காந்துதான் வருவாக" என்றார். கம்பெனி இறங்கிவந்தது. டிரைவர் வெள்ளைத்துரையும் எங்கள் தெருக்காரர்தான்; வேனை எங்கள் ஊரில்தான் இரவில் நிறுத்துவார். மறுநாளிலிருந்து காலை ஆறு மணிக்கு முதல் ஹாரன் எங்களுக்கு. ஏறி, ஜன்னலோரம் பார்த்து உட்கார்ந்தோம். மேலக்குளத்தில் ஏறிய பெண்கள் எங்களைப் பார்த்தபடி நின்றுகொண்டு வந்தார்கள். அன்றைக்கு எங்கள் ஊரில் பாயசம் வைத்தார்கள் என்றால் நம்புவீர்களா? வைத்தார்கள்.

மகள் பிறந்தாள். செல்வலட்சுமி என்று பெயர் வைத்தோம். அவளுக்கு ஒரு வயது முடிந்த புதிதில் கம்பெனியில் வெடித்தது. மருந்து அறையும் அதற்கு அடுத்த அறையும் தரைமட்டமாயின. அவரோடு இன்னும் நான்கு பேர். பேக்கிங் அறையின் கூரை எங்கள் மேல் விழுந்தது. நான் வலது கையோடு தப்பித்தேன் என்று சொல்வார்கள், கையை அங்கேயே பாதி விட்டுவிட்டு வந்தேன் என்று நான் சொல்வேன். அந்தக் கை இன்றும் முழுசாக மடங்காது. இதற்குமேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

நான் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்த காலமெல்லாம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டது பஞ்சம்மாள் சின்னத்தை. என் வீட்டுக்காரருக்குச் சித்தி முறை. எங்கள் தெருவில் வேலைக்குப் போகிற பெண்களின் பிள்ளைகள் எல்லாம் அவள் வாசலில்தான் கிடக்கும். பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, பழைய பேப்பரில் வெடிக்குழாயும் உருட்டுவாள். நான் திரும்பி வந்தபோது பால் வற்றிப்போயிருந்தது. மகள் என்னைப் பார்த்துவிட்டுச் சின்னத்தையின் சேலைக்குள் போய் ஒளிந்தாள். அதற்கப்புறம் வேறு ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். வேறு என்ன செய்ய? அதே வெள்ளைத்துரை அண்ணன் வேன்தான் அங்கேயும். அதே ஆறு மணி ஹாரன்.

அங்கன்வாடி டீச்சர் பாலம்மாள் ஒருநாள் என்னை நிறுத்தினாள்.

"பாண்டிச்செல்வி, பிள்ளைக்கு வயசுக்கேத்த உயரம் இல்ல. சத்துமாவு குடுக்கியா?"

"குடுக்கேன் டீச்சர். எங்க வகையறாவே கட்டை."

"ரெண்டு வயசுல என்ன வகையறா? இப்ப விட்டா அப்பறம் பிடிக்க முடியாது."

அந்தச் சொல் என்னைத் தூங்கவிடவில்லை. என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டது கண்டக்டர் வாயால் வருகிற அந்த ஒரு சொல். அதைக் கேட்க அவர் இல்லை. கேட்கும்படி ஆக்கவேண்டியவள் நான். சத்துமாவை நான் கொடுக்கத்தான் செய்தேன், ஆனால் எங்கே கொடுத்தேன்? நான்கு மணிக்கு எழுந்து சோறு பொங்கி, மாவைக் கிண்டி ஒரு கிண்ணத்தில் வைத்துச் சின்னத்தையிடம் கொடுத்துவிட்டு, தூங்குகிற பிள்ளையின் நெற்றியைத் தொட்டுவிட்டு வேன் ஏறுவேன். சண்முகத்தாய் மதினி மாவைக் கிண்டக்கூட மாட்டாள். அப்படியே அவள் வெள்ளாட்டுக்குப் போய்விடும். அந்த ஆடு கன்றுக்குட்டி மாதிரி இருந்தது. "நம்ம ஊர்ல அந்த ஒரு ஆட்டுக்குத்தான் முழு டிக்கெட்" என்று வெள்ளைத்துரை அண்ணன் சொல்வார்.

அந்த வருடம் தீபாவளி முடிந்ததும் கோர்ட்டுத் தீர்ப்பைச் சொல்லிக் கம்பெனிகளை எல்லாம் மூடிவிட்டார்கள். சிவகாசியைச் சுற்றி ஒரு வேனும் ஓடவில்லை. பொங்கல் வந்தது, போனது, கதவு திறக்கவில்லை. எங்கள் வீடுகளில் கடைச் சாமான் நின்றுபோனது. பன் இல்லை, பிஸ்கட் இல்லை, சேவுப் பொட்டலம் இல்லை. ரேஷன் அரிசி, பருப்பு, நூறு நாள் வேலைக்குப் போன இடத்தில் பறித்து வந்த முருங்கைக்கீரை, கம்பு, தட்டாம்பயறு. ஊரே முகம் வாடிக்கிடந்தது. அந்த மாதங்களைப் பஞ்சம் என்றுதான் நாங்கள் சொல்லிக்கொண்டோம்.

எனக்கு வேறு வேலை இல்லை. காலையில் மகள் எழுந்த பிறகுதான் அடுப்பை மூட்டுவேன். அவள் சாப்பிடுவதை அப்போதுதான் முதல்முதலாக உட்கார்ந்து பார்த்தேன். என் பிள்ளை மெதுவாகச் சாப்பிடுகிறவள். ஒரு வாய் விழுங்கிவிட்டுக் கோழியைப் பார்ப்பாள். அடுத்த வாய்க்கு அந்தக் கோழி எங்கே போகிறது என்று நான் சொல்ல வேண்டும். கோழி சாத்தூர் போய், விருதுநகர் போய், திரும்பி வந்து முட்டையிடுவதற்குள் கிண்ணம் காலியாகும். அவசரப்படுத்தினால் வாயை மூடிக்கொள்வாள், அவ்வளவுதான்.

மாசி மாதம் ஒரு நாள் குளிக்க வைத்து, தீபாவளிக் கவுனை எடுத்துப் போட்டேன். இரண்டு தீபாவளிக்கு வரட்டும் என்று கணுக்கால் வரைக்கும் வருகிற மாதிரி பெரிதாக எடுத்த கவுன் அது. போட்டுவிட்டுப் பார்த்தால் கணுக்காலுக்கு மேலே இரண்டு விரல் கால் தெரிகிறது. துவைத்ததில் சுருங்கிவிட்டதோ என்று நினைத்தேன். மடிப்பைப் பிரித்துப் பார்த்தேன், இழுத்துப் பார்த்தேன். கவுன் அப்படியேதான் இருந்தது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாலம்மாள் டீச்சரிடம் ஓடினேன். அவள் சுவரில் ஒட்டியிருந்த அளவுக்கு நேராக நிறுத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இவ மட்டும் இல்ல. உங்க தெருப் பிள்ளைக எல்லாமே தெளிஞ்சிருக்கு. அப்படி என்னத்த குடுத்தீக?"

"குடுக்க என்ன டீச்சர் இருக்கு? கம்பெனியே மூடிக் கெடக்கு."

சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். கம்பெனி மூடிக் கிடக்கிறது. பஞ்சத்தில் பிள்ளை வளர்ந்திருக்கிறது. இதென்ன கணக்கு?

அந்தக் கணக்கு எனக்கு விளங்கியது பங்குனியில், கம்பெனி திறந்த முதல் நாள். ஆறு மணிக்கு ஹாரன் அடித்தது. மகளை எழுப்பி உட்காரவைத்து மூன்று வாய் ஊட்டியிருந்தேன். கோழி இன்னும் சாத்தூர்கூடப் போய்ச் சேரவில்லை. கிண்ணத்தைச் சின்னத்தையிடம் கொடுத்துவிட்டு ஓடிப்போய் ஏறினேன். ஜன்னலோரச் சீட்டு. வேன் மேலக்குளம் போனது, ஊர் மந்தையில் நின்றது. பெரியபொட்டல் போனது, ரயில்வே கேட்டில் நின்றது. அப்புறம் சுற்றிக்கொண்டு, கம்பெனிக்குப் போகிற ரோட்டில் ஏறுவதற்காக எங்கள் ஊருக்குப் பிரிகிற விலக்குக்கே திரும்பி வந்தது. எத்தனையோ வருடமாகத் தினமும் வருகிற வழிதான். அன்றைக்குத்தான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெயில் ஏறியிருந்தது. எங்கள் தெரு கூப்பிடு தூரத்தில் கிடந்தது. சின்னத்தை வாசலில் பிள்ளைகள் வரிசையாக டம்ளரோடு உட்கார்ந்திருந்தன. என் மகள் டீயில் பன்னை முக்கிக்கொண்டிருந்தாள். நான் கிண்டி வைத்த கிண்ணத்தைச் சண்முகத்தாய் மதினியின் ஆடு நக்கிக்கொண்டிருந்தது.

ஒரு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டிருந்தது, நான் வீட்டை விட்டுக் கிளம்பி. இன்னும் என் வீட்டு வாசலிலேயே இருந்தேன், சீட்டில் உட்கார்ந்தபடி.

சாயங்காலம் வேன் விட்டு இறங்கியதும் வெள்ளைத்துரை அண்ணனிடம் கேட்டேன்.

"அண்ணே, காலைல நீங்க வெறும் வேனா மேலக்குளம் போயி, பொட்டல் போயி, அவுகள ஏத்திக்கிட்டு வந்து எங்கள விலக்குல ஏத்துனா என்ன? கம்பெனிக்குப் போற நேரம் மாறுமா?"

யோசித்தார். "மாறாது. அதே ஓட்டந்தான். ஆனா சீட்டு இருக்காதே தாயி. பழையபடி தரைதான்."

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டா கேக்க? இத யாரு வாங்கிக் குடுத்ததுன்னு மறந்து போச்சா?"

மறக்கவில்லை. அதுதான் சங்கடமே. மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் பெண்களிடம் சொன்னபோது எல்லோருமாகச் சேர்ந்து என்னை உலுக்கிவிட்டார்கள்.

"ஏட்டி, உனக்குக் கூறு கெட்டுப் போச்சா? ஒம் புருசன் வாங்கிக் குடுத்த சீட்ட நீயே தூக்கிக் குடுக்கியா?" என்றாள் சண்முகத்தாய் மதினி. "மேலக்குளத்துக்காரிக சாஞ்சு உக்காந்து வருவாக, நாம அவுக கால்ல கெடக்கணுமா?"

"கால்ல கெடக்க வேண்டாம் மதினி. நிப்போம்."

"பன்னெண்டு மணி நேரம் வேல பாக்கப் போறவ நின்னுக்கிட்டா போவா?"

"கம்பெனி மூடிக் கெடந்தப்ப நம்ம புள்ளைக எப்படி வளந்துச்சு? என்ன இருந்துச்சு வீட்டுல? ஒண்ணும் இல்ல. நாமதான் இருந்தோம். கம்பங்கூழத்தான் குடுத்தோம், ஆனா பக்கத்துல உக்காந்து குடுத்தோம். இப்ப அந்த நேரத்த வேன் சீட்டுல உக்கார வச்சு ஊரச் சுத்திக் காட்டுதோம்."

"அதெல்லாம் வகையறா. புள்ள கட்டையாப் பொறந்தா கட்டையாத்தான் வளரும்."

"அப்ப எம் மவ கவுனு ஏன் ஏறுச்சு?"

குடங்களை இடுப்பில் ஏற்றினார்கள். ஒருத்தியும் சம்மதிக்கவில்லை. கிளம்பப் போனவர்களை நிறுத்தியது பஞ்சம்மாள் சின்னத்தை. குழாய் உருட்டுகிற பசை கையில் காய்ந்திருந்தது.

"அடியே, ஆளாளுக்குப் பேசுதீக. காலைல எட்டுப் புள்ளையும் ஒண்ணா முழிச்சு ஒண்ணா அழுதா யாருக்குடி தெரியும்? எனக்குல்லா தெரியும். எட்டு வாய்க்கு நான் ஒருத்தி எங்க ஊட்ட? டீய ஊத்துனா வாயி மூடும். நான் மூடுனேன். அம்புட்டுத்தான் என்னால முடிஞ்சுது." சண்முகத்தாய் மதினியின் பக்கம் திரும்பினாள். "ஒன் ஆடு வளந்துச்சுல்லா? அது ஒன் வகையறாவா?"

குழாயடியே சிரித்துவிட்டது. மதினிக்கும் அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே, "நாசமாப் போக, ஒரு மாசம் பாப்போம். வளரலைன்னா இவள வேன் கூரையில கட்டிக் கூட்டிட்டுப் போவோம்" என்றாள்.

அப்படித்தான் நாங்கள் சீட்டை விட்டோம். புகழேந்தியின் படத்துக்கு முன்னால் அன்றைக்கு நான் விளக்கு ஏற்றினேன். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அவருக்கு இரண்டு ஆசை இருந்தது. ஒன்றை வைத்து இன்னொன்றை வாங்கப் போகிறேன், அவ்வளவுதான்.

முதல் நாள் விலக்கில் வேன் நின்றபோது உள்ளே ஒரு சீட்டு இல்லை. மேலக்குளத்து வெள்ளைத்தாய் ஜன்னலோரத்தில், நான் உட்காருகிற அதே இடத்தில், காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வாய் சும்மா இருக்குமா?

"வாங்க வாங்க. மொத சீட்டு மகாராணிக எல்லாம் இன்னைக்குக் கம்பியில தொங்கி வாராக. என்ன விசேசம்?"

"விசேசந்தான்" என்றேன். "எங்க வீட்டுல இன்னைக்குப் புள்ள சாப்பிட்டுச்சு."

"தெனம் சாப்பிடாதா?"

"டீ குடிக்கும். இன்னைக்குத்தான் சாப்பிட்டுச்சு. கேப்பக் கூழு, அவிச்ச முட்ட, பாதி வாழப்பழம். மீதிப் பாதிய நானே தின்னுட்டேன். அதான் நிக்க தெம்பு இருக்கு."

வேன் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் வலது கையால் கம்பியைப் பிடிக்க முடியாது. இடது கையால் பிடித்துக்கொண்டு, சண்முகத்தாய் மதினியின் தோளில் சாய்ந்துகொண்டு நின்றேன். மதினியின் தோளும் என் தோளும் ஒரே மட்டத்தில் இருந்தன. இரண்டு பேருமே கட்டைதானே.

ஒரு மாதத்துக்கு என்று ஆரம்பித்தது நிற்கவில்லை. ஏழு மணி ஹாரன் வரைக்கும் எங்கள் தெருவில் ஒவ்வொரு வாசலிலும் ஒரு தாய் ஒரு கிண்ணத்தோடு உட்கார்ந்திருப்பாள். பிள்ளைகளின் கையைக் கழுவி விடுவதற்கு நேரம் இருந்தது. எங்களுக்கும் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு ஏற நேரம் இருந்தது. பிள்ளைகளுக்கு அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு குறைந்தது. மதியம் அங்கன்வாடியில் தூங்கி விழுந்த பிள்ளைகள் சாம்பார் சோற்றுக்குத் தட்டை நீட்டின. முட்டை போடுகிற நாளில் ஒன்று பத்தவில்லை என்று என் மகள் பாலம்மாள் டீச்சரிடம் சண்டை போட்டாளாம். டீச்சர் அதைப் புகாராகச் சொல்ல வந்தாள், சொல்லி முடிப்பதற்குள் அவளே சிரித்துவிட்டாள். சண்முகத்தாய் மதினியின் பேரனுக்குச் சத்துமாவை வெல்லம் போட்டு உருண்டை பிடித்துக் கொடுத்தார்கள். ஆடு இளைத்துப்போனது. மதினி அதை இருக்கன்குடியில் நேர்த்திக்கு விட்டுவிட்டாள்.

வெள்ளைத்தாய் ரொம்ப நாள் கிண்டல் பண்ணினாள். அப்புறம் ஒருநாள், கம்பெனியில் மதியச் சோற்றின்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏம்மா பாண்டிச்செல்வி, நேத்து வேன் விலக்குல நின்னப்ப ஒம் மகளப் பாத்தேன். எம் பேரனும் அவளும் ஒரே மாசத்துல பொறந்தது. அவன் இவ காதுக்குத்தான் இருக்கான். நாங்க காடு கரை உள்ளவுக, எங்க வீட்டுல பால் மாடு நிக்கு. ஒனக்கு என்ன இருக்கு?"

"ஒரு மணி நேரம் இருக்கு மதினி."

நான் அவளை மதினி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள் அதைக் கவனித்தாளா என்று தெரியவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "பாலு சொசைட்டிக்குப் போயிருது. புள்ள டீதான் குடிக்கான்" என்றாள்.

அடுத்த தீபாவளி சீசன் தொடங்குவதற்குள் கதையே தலைகீழாகிவிட்டது. மேலக்குளத்துப் பெண்கள் தங்களைக் கடைசியாக ஏற்ற வேண்டும் என்றார்கள். பெரியபொட்டல்காரர்கள், நாங்கள்தான் கடைசி என்றார்கள். நாங்கள் விடுவோமா? வெள்ளைத்துரை அண்ணன் ஸ்டீயரிங்கை அடித்துக்கொண்டு கத்தினார்.

"மொதல்ல ஏறணும்னு அடிச்சிக்கிட்டீக. இப்பக் கடைசியா ஏறணும்னு அடிச்சிக்கிடுதீக. நான் வேன நடுரோட்டுல விட்டுட்டு ஆடு மேய்க்கப் போறேன்!"

"ஆடும் இல்லண்ணே, நேர்த்திக்கு விட்டாச்சு" என்று உள்ளேயிருந்து யாரோ சொன்னார்கள்.

எங்களுக்குள் அடித்துக்கொள்வதில் லாபமில்லை என்று முதலில் சொன்னவள் வெள்ளைத்தாய். மூன்று ஊர்ப் பெண்களும் சேர்ந்து மேனேஜர் மகேஷ்குமாரின் அறை வாசலில் போய் நின்றோம். பேசச் சொல்லி என்னை முன்னால் தள்ளினார்கள். முன்பு என் வீட்டுக்காரர் நின்ற இடத்தில் இப்போது நான் நிற்கிறேன் என்பது எனக்கு உள்ளங்கால் வரைக்கும் தெரிந்தது.

"இன்னும் ரெண்டு வேன் விடுங்க சார். ஒரு ஊருக்கு ஒரு வேன். புள்ளைக சாப்பிட்ட பிறகுதான் ஏறுவோம்."

"ரெண்டு வேனா? சீசன் நேரத்துலயா கேக்குறது?"

"சீசன்லதான் சார் கேக்கணும். தீபாவளி முடிஞ்சு கேட்டா நீங்க சிரிப்பீக."

வெள்ளைத்தாய் பின்னாலிருந்து, "வெரசாச் சொல்லுங்க சார், கூழு ஆறுது" என்று குரல் கொடுத்தாள். வாசலில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். உள்ளே லோடு ஏற்றக் காத்திருந்த லாரிகளை மேனேஜர் ஒருமுறை பார்த்தார். அந்த வாரமே வேன்கள் வந்தன. அந்த மூன்று வேன்களிலும் எல்லோருக்கும் சீட்டு இருந்தது. என் ஜன்னலோரத்தில் நான் திரும்ப உட்கார்ந்த அன்று, காலை நீட்டிக்கொண்டேன்.

வருடங்கள் போயின. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது என்று ஆன பிறகு அரை, முழு என்ற பேச்சே எங்கள் ஊரில் நின்றுபோனது. ஆனால் நான் மறக்கவில்லை. மகளுக்கு ஒன்பது வயதானது. பள்ளிக்கூடத்தில் என்ன உயரம் என்று எழுதியிருப்பார்கள், நான் கேட்கவில்லை. வீட்டுச் சுவரிலும் வைத்துப் பார்க்கவில்லை. அதை ஒரு கண்டக்டர் சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் எனக்குக் கணக்கில்லை.

இந்தப் பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் மாரியம்மன் கோயிலுக்குக் கிளம்பினோம். சாத்தூரில் டவுன் பஸ் நின்றது. நான் ஏறவில்லை.

"ஓசி பஸ்ஸ விட்டுட்டு என்னட்டி நிக்க?" என்றாள் சண்முகத்தாய் மதினி.

"மதுரை பஸ் வரட்டும் மதினி. அதுலதான் டிக்கெட் உண்டு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் மகளைத் தலையிலிருந்து கால்வரைக்கும் பார்த்தாள். என்னோடு நின்றுகொண்டாள்.

மதுரை பஸ்ஸில் கூட்டம். கண்டக்டர் வந்தார், எங்களைப் பார்த்தார். "விருதுநகரா? மூணுல ஒண்ணு அரை" என்று மெஷினில் தட்டப் போனார்.

"பாத்துக் குடுங்க சார்" என்றேன்.

"என்னத்தப் பாக்க?"

"கோடு இருக்குல்லா. பிள்ளைய நிப்பாட்டிப் பாருங்க."

கண்டக்டர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "ஏம்மா, வயசு என்ன?"

"ஒம்போது."

"பெறகென்ன? பேசாம இரும்மா. அரை டிக்கெட் குடுக்கலன்னு சண்டைக்கு வந்த ஆளத்தான் இம்புட்டு வருசமாப் பாத்திருக்கேன். முழு டிக்கெட்டுக்குச் சண்டைக்கு வாரது நீதான்."

முன் சீட்டில் வேட்டி கட்டிய ஒருவர், "அந்தம்மாவுக்கு விவரம் பத்தல, நீங்க அரையப் போடுங்க" என்று எனக்காக வாதாடினார்.

"விவரம் இருக்குங்க ஐயா. நீங்க செத்த சும்மா இருங்க" என்றாள் மதினி.

மகளைக் கம்பிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். யாரோ, "செருப்பக் கழட்டச் சொல்லுங்க" என்றார்கள். கழற்றினாள். தலையில் கனகாம்பரம் புடைத்துக்கொண்டிருந்தது. அதையும் எடுத்து என் கையில் வைத்துக்கொண்டேன். எனக்கு ஓசி உயரம் ஒன்றும் வேண்டாம். பஸ் சூலக்கரையைத் தாண்டிக்கொண்டிருந்தது. கண்டக்டர் இப்போது வேடிக்கையில் இறங்கிவிட்டார். டிக்கெட் மெஷினை மகளின் உச்சந்தலையில் மட்டமாக வைத்து, கம்பியோடு ஒட்டிப் பார்த்தார். குனிந்து பார்த்தார். கோடு மெஷினுக்குக் கீழே, அவள் நெற்றிக்கு நேராக இருந்தது.

அவர் நிமிர்ந்து சொன்னார்:

"செல்லாதும்மா. இந்தப் புள்ளைக்கு அரை டிக்கெட் செல்லாது."

சண்முகத்தாய் மதினி குலவை போட்டுவிட்டாள். கோயிலுக்குப் போகிற பெண்கள் நான்கைந்து பேர் என்ன ஏது என்று தெரியாமலே சேர்ந்து குலவை போட்டார்கள். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஒரு ஹாரன் அடித்தார். வேட்டிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். நான் மடங்காத வலது கையை நீட்டி அந்த டிக்கெட்டை வாங்கினேன். மூன்று முழு டிக்கெட்.

"இன்னொரு தடவ சொல்லுங்க சார்" என்றேன்.

"என்னம்மா நீ?" என்றார். ஆனால் சொன்னார். கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

விருதுநகருக்குக் கொஞ்ச தூரம்தான் இருந்தது. ஜன்னலோரத்தில் ஒரு ஆள் எழுந்தார். நான் உட்காரப் போனேன். மகள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"முழு டிக்கெட்னா எனக்குத் தனி சீட்டுல்லாம்மா?"

"ஆமா தாயி."

அவள் ஏறி உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, வெளியே பார்க்கத் தொடங்கினாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றபடியே போனேன்.